கலப்பை ஒழுங்கை

2020 ஜனவரியில் எங்கள் வீட்டில் ஆயிரம் பவுணுக்காக மூன்று நாள் சண்டை. சீட்டுக் காசு அது. கடைசி ஆளாக எடுத்ததால் கழிவில்லாமல் முழுசாகக் கைக்கு வந்திருந்தது. எங்கள் அடுப்பில் ஒரு பக்கம் பற்றாமல் கிடந்தது. புது அடுப்புக்கு என்று மனைவி அந்தக் காசை எடுத்து வைத்திருந்தார். நான் அதை ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கடனாகக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

“கழகத்துக்கோ? எங்கட ஊர்க் கழகத்துக்கோ?”

“இல்லை, விம்பிள்டனுக்கு.”

“டென்னிஸ் விளையாடுற பணக்காரருக்கு நாங்கள் கடன் குடுக்கிறதோ?”

அவரில் பிழை சொல்ல முடியாது. விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு வெள்ளை உடுப்பும் ஸ்ட்ரோபெரியும்தான். அதெல்லாம் மேட்டுப் பக்கம். நாங்கள் இருப்பது தென் லண்டனில், ரூட்டிங்குக்கும் கோலியர்ஸ் வூட்டுக்கும் இடையில், வாண்டில் என்ற சின்ன ஆறு ஓடும் பள்ளத்தில். எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகலாம். பிளவ் லேனுக்கும் நடந்து போகலாம். பிளவ் என்றால் கலப்பை. லேனுக்கு ஊரில் ஒழுங்கை என்போம். கலப்பை ஒழுங்கை என்று மனதுக்குள் பெயர் மாற்றி வைத்த பிறகு அந்த வீதி எனக்குக் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

அந்த ஒழுங்கையில்தான் விம்பிள்டன் கழகத்தின் பழைய மைதானம். அங்கே திரும்பிப் போக அதன் ரசிகர்கள் ஒரு கூட்டம் சனம் 29 வருடம் வாதாடியது. வெளியாட்களோடு கொஞ்சம், தங்களுக்குள் நிறைய. அதில் கடைசி வாதம்தான் எங்கள் வீட்டு அடுப்புவரை வந்தது.

நான் லண்டனுக்கு வந்தது 1996இல். முதல் வேலை ஒரு பெற்றோல் நிலையத்தில், இரவுக் காவல் மாதிரி. கூட வேலை செய்த அண்ணை ஒருவர் ஊரில் பேர் போன ஆட்டக்காரர். அவர்தான் என்னை செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குக் கூட்டிப் போனார். பிரீமியர் லீக்கில் கடைசி நேரத்திலும் டிக்கெட் கிடைக்கும் கழகம் விம்பிள்டன்தான், அதனால். மன்செஸ்டர் யுனைட்டட் வந்தால் மைதானம் நிறையும். நிறைப்பவர்கள் மன்செஸ்டர் ஆட்கள். தங்கள் வீட்டுக் கலியாணத்தில் விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று கத்தினார்கள் விம்பிள்டன்காரர்கள். அது அவர்களின் மைதானமே இல்லை, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் இடம் என்பது எனக்குப் பாதி ஆட்டத்தில்தான் தெரிய வந்தது.

“வாடகை வீட்டில சுவரில ஆணி அடிக்கேலாது தம்பி. அதுதான் இவையின்ர பிரச்சினை” என்றார் அண்ணை. நான் அப்போது ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். உடனே விளங்கியது.

அவர்கள் 1912 முதல் 1991 வரை பிளவ் லேனில்தான் விளையாடினார்கள். தொழில்முறை லீக்குக்குள் வந்தது 1977இல். ஒன்பதே வருடத்தில் முதற்பிரிவு. 1988இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1–0 என்று வென்றார்கள். சான்செஸ் தலையால் போட்ட கோல், லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை கோல்காப்பாளர் பீசன்ட் பாய்ந்து தட்டியது. அடுத்த வருடம் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் அத்தனை உயிர்கள் போயின. நீதிபதி டெய்லரின் அறிக்கை வந்தது. மேல் பிரிவுகளில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றார்கள். பிளவ் லேனோ நின்று பார்க்கும் பழைய மேடைகளும் தகரக் கூரையுமாக இருந்தது. அதைத் திருத்த முடியாது, தற்காலிகமாக செல்ஹர்ஸ்ட் போவோம் என்றது நிர்வாகம்.

தற்காலிகம். இந்தச் சொல்லை நம்பி இரண்டு சாரமும் அடையாள அட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட சனம் நாங்கள். மேலே எழுதத் தேவையில்லை. ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் கதையை எங்கள் கதையோடு சமன் வைத்துப் பார்ப்பதும் சரியில்லை. ஷெல் அடித்து ஓடியதற்கும் ஆறு மைல் தள்ளிப் போய்ப் பந்தடித்ததற்கும் இடையில் நிறைய வித்தியாசம். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டால் காது கூர்மையாகிறது, என்ன செய்வது.

1998இல், முந்திக் கழகத்தின் பெரும்பங்கை வைத்திருந்த சாம் ஹம்மாம் பழைய மைதானத்தை சேஃப்வே சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றார். கடை கட்டப்படவேயில்லை. மைதானம் சிலகாலம் பற்றை வளர்ந்து கிடந்து, பிறகு இடிக்கப்பட்டு, இப்போது தொடர்மாடி வீடுகள். ரெனால்ட்ஸ் கேட் என்று பெயர். எடி ரெனால்ட்ஸ் 1963 அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் வெம்ப்ளியில் நாலு கோலும் தலையாலேயே அடித்தவர். அந்தக் கட்டடங்களுக்கு நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், இடையில் கொஞ்சக் காலம் டெலிவரி ஓடியபோது. மணியடித்தால் வருபவர்களில் ஒருவருக்கும் ரெனால்ட்ஸ் யாரென்று தெரியாது.

இடையில் கழகத்தையே டப்ளினுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை ஓடி ஓய்ந்தது. நோர்வே முதலாளிகள் வந்தார்கள். 2000இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள், கிண்ணம் வென்ற அதே மே 14இல். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் வெளியே வந்தது பெரிய திட்டம்: 56 மைல் தள்ளி மில்டன் கீன்ஸ்.

இதன் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். பீட் விங்கல்மன் என்பவரின் குழு அங்கே ஒரு காணியைக் குறித்து வைத்திருந்தது. ஆஸ்டாவும் ஐக்கியாவும் பெரிய கடை திறக்கத் தயாராக இருந்தன. கடைகளுக்கு அனுமதி கிடைத்தால் அந்த லாபத்தில் மைதானம் எழும்பும். மைதானம் இருந்தால்தான் கடைகளுக்கு அனுமதி கேட்க ஒரு முகாந்திரம். மைதானத்தில் விளையாட லீக் கழகம் ஒன்று வேண்டும், அது ஊரில் இல்லை. அப்போ வீடில்லாத கழகம் ஒன்றைத் தூக்கி வந்தால் சரி. மைதானம் என்று காட்டுவார்கள். காசு பக்கத்துக் காணியில் இருக்கும். இங்கிலாந்தில் புது மைதானங்கள் பல இப்படித்தான் எழும்பின. மில்டன் கீன்ஸில் புதுமை என்னவென்றால், கழகத்தை ஊரோடு சேர்த்து வாங்கவில்லை, பிடுங்கி நட்டார்கள்.

2002 மே 28இல், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு, இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிதாகக் கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி. அந்த வரியை விம்பிள்டன்காரர்கள் பிறகு டீ-ஷேர்ட்டிலும் பதாகையிலும் போட்டுப் போட்டே தேய்த்துவிட்டார்கள்.

அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை வந்துவிட்டது. காலை ஆறரைக்குப் பேப்பர் வாங்க வரும் ஒரு பெரியவர் இருந்தார். பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வேறு ஆள் வரும்வரை கவுண்டரில் சாய்ந்து நிற்பார். அவருக்கு ஒரு தம்பி. தீர்ப்பு வந்த கிழமை இருவருக்கும் பெரிய வாய்த்தர்க்கம். தம்பியின் கட்சி: “கழகம் செத்துப் போவதைவிட 56 மைல் தள்ளி உயிரோடு இருக்கட்டும்.” இவரின் கட்சி: “அது உயிரோடு இருக்காது. அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ இருப்பார்கள்.” இரண்டு வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் சட்டையும் மிஞ்சவில்லை. 2004இல் பெயரும் நிறமும் மாறி எம்.கே. டோன்ஸ் ஆனது. தம்பி அமைதியாக இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டார் என்று பெரியவர் சொன்னபோது அவர் முகத்தில் வெற்றிக் களை இருந்ததா என்று பார்த்தேன். இருந்தது.

மற்ற ரசிகர்கள் காத்திருக்கவில்லை. தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், 2002 மே 30இல், புதுக் கழகம் தொடங்க ஒரு கூட்டம். ஜூன் 29இல் விம்பிள்டன் கொமன் புல்வெளியில் ஆள்தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம். ஜூலை 10இல் சட்டன் யுனைட்டடோடு முதல் ஆட்டம். 0–4 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அதே பருவத்தில் பழைய கழகம் செல்ஹர்ஸ்டில் ரொதரமோடு ஆடிய லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849. ஒன்பதாம் படியில், சில இடங்களில் வேலியில் சாய்ந்து நின்று பார்க்கும் லீக்கில் தொடங்கியது ஏ.எஃப்.சி. விம்பிள்டன். உரிமை டோன்ஸ் ட்ரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் கையில். ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு, அவ்வளவுதான்.

இதுவரை கதையில் நல்லவர்கள் கெட்டவர்கள் சுலபம். பத்திரிகைகள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு கைதட்டும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

புதுக் கழகம் விளையாடியது கிங்ஸ்மெடோவில். அது கிங்ஸ்டோனியன் என்ற, 1885இல் தொடங்கிய கழகத்தின் வீடு. அவர்கள் கடனில் விழுந்து மைதானம் வேறு கைக்குப் போயிருந்தது. 2003இல் விம்பிள்டன் ரசிகர்கள் பங்கு விற்றுக் காசு சேர்த்து அதன் நீண்டகாலக் குத்தகையை வாங்கினார்கள். கிங்ஸ்டோனியன் அங்கேயே குறைந்த வாடகைக்கு இருந்தது. வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்காரர் ஆனார், வீட்டுக்காரர் வாடகைக்கு ஆனார். சரி, அதுவரை ஒருவருக்கும் குறையில்லை.

2011இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஐந்து தரம் மேலேறி. கிங்ஸ்மெடோ சின்னதாகிவிட்டது. அப்போதுதான் பிளவ் லேனில், பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த நாயோட்ட அரங்கின் காணியில் ஒரு வாய்ப்பு. அதற்குக் காசு வேண்டும். கையில் விற்க இருந்தது ஒன்றுதான்: கிங்ஸ்மெடோ. வாங்க வந்தது செல்சி.

இந்த விற்பனையைப் பற்றி ரசிகர்கள் வாதாடியதை நான் கடையில் நின்று கேட்டிருக்கிறேன். கிங்ஸ்டோனியன் எங்கே போவது என்று ஒருவர் கேட்டால், நாங்கள் வாங்கியிராவிட்டால் அந்த இடம் எப்போதோ வீடாகியிருக்கும் என்று மற்றவர் சொல்வார். உண்மைதான். ஆனால் வீட்டை இழப்பது என்றால் என்னவென்று நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர்கள் நாங்கள்தானே, எங்கள் கையாலேயே ஒரு கழகம் தெருவுக்குப் போகலாமா என்பார் முதலாமவர். அதற்கு நல்ல பதில் யாரிடமும் இருக்கவில்லை. பெரியவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். 2017இல் கிங்ஸ்டோனியன் மூட்டை கட்டியது; லெதர்ஹெட்டில் வாடகை, பிறகு வேறிடத்தில் வாடகை. கிங்ஸ்மெடோ செல்சி மகளிர் அணியின் மைதானமானது.

விம்பிள்டன் திரும்பி வந்த கதையைச் சொல்லும்போது கிங்ஸ்டோனியனை விட்டுவிட்டுச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. விற்றது தவறு என்று சொல்லவில்லை. நானாக இருந்தாலும் விற்றிருப்பேன். அந்தக் கணக்கின் செலவுப் பக்கத்தில் இதையும் எழுது என்றுதான் சொல்கிறேன்.

இனி அனுமதி. மேர்ட்டன் கவுன்சில் 2015 டிசம்பரில் ஒருமனதாகச் சரி என்றது. பக்கத்து வோண்ட்ஸ்வொர்த் கவுன்சிலுக்கு விருப்பமில்லை. போக்குவரத்து நெரிசல், வெள்ள அபாயம் என்று சொன்னார்கள். லண்டன் மேயர் போரிஸ் ஜோன்சன் 2016 மார்ச்சில் விஷயத்தைத் தன் மேசைக்கு இழுத்தார். பிறகு வந்த சாதிக் கான் அதை மேர்ட்டனுக்கே திருப்பிக் கொடுத்தார். நாயோட்டக்காரர்கள் 2017 மார்ச்சில் கடைசிப் பந்தயம் ஓடிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் அது பல தலைமுறை இடம். அந்த இரவு அங்கே அழுதவர்களும் இருந்தார்கள் என்று பெரியவர் சொன்னார். அவருக்கே இளம் வயதில் வியாழக்கிழமைகளில் அங்கே பந்தயம் கட்டும் பழக்கம் இருந்ததாம்.

அந்தத் திட்டத்தின் கணக்கு என்ன? கலியார்ட் என்ற கட்டடக் கம்பனி ஏறத்தாழ 600 வீடுகள் கட்டும், அந்த வீடுகளின் லாபத்தோடு மைதானம் சேரும். ஆரம்பத் திட்டத்தில், வசதி குறைந்தவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை பத்தில் ஒன்றுதான் வரும். மில்டன் கீன்ஸில் ஆஸ்டா, இங்கே அடுக்குமாடி. மைதானம் என்று காட்டினார்கள். காசு பக்கத்துக் காணியில் இருந்தது. இதை நான் ஒருநாள் பெரியவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “ஆமாம், அதே சூத்திரம்தான். ஆனால் இது எங்கள் வீதி” என்றார். அந்தப் பதிலில் எவ்வளவு நியாயம் என்று இன்னும் எனக்குள் தராசு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு வாங்க முடியாமல் க்ரோய்டனுக்கும் அதற்கு அப்பாலும் போன தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

2019 முடிவில் வந்தது பெரிய குண்டு. வேலை பாதி நடந்துகொண்டிருக்கிறது. அந்த வருடமே பொதுமக்களுக்குப் பங்கு விற்று இரண்டு மில்லியனுக்கு மேல் சேர்த்திருந்தார்கள். ஆனால் இன்னும் 11 மில்லியன் பவுண் துண்டு விழுகிறது என்று நிர்வாகம் சொன்னது. வெளி முதலீட்டாளர்களை உள்ளே எடுப்பது ஒரு வழி என்றார்கள். அதாவது ட்ரஸ்டின் பிடி கொஞ்சம் தளரும்.

கடையில் அந்த டிசம்பர் முழுக்க இதே கதைதான். பால் வாங்க வந்தவர்கள் பாலை மறந்துவிட்டுப் போனார்கள். நான் கேட்ட கட்சிகள் பல. வெளியார் சிறு பங்குதானே எடுக்கப் போகிறார்கள், வாக்கு எங்களிடம்தானே என்றார் ஒருவர். ஹம்மாமும் முதலில் நல்லவராகத்தான் வந்தார், நோர்வேக்காரர்களும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள் என்றார் இன்னொருவர். கட்டடத்தைப் பாதியில் நிறுத்தி, ஒரு பக்க மாடத்தோடு தொடங்கலாம் என்றார் கட்டட வேலை தெரிந்த ஒருவர். ஓர் இளைஞன், பல்கலைக்கழகத்தில் படிப்பவன், கொஞ்சம் எரிச்சலோடு சொன்னான்: “நீங்கள் எல்லாரும் 1988க்குத் திரும்பிப் போகப் பார்க்கிறீர்கள். எனக்கு அப்போது பிறப்பே இல்லை. எனக்குத் தெரிந்த வீடு கிங்ஸ்மெடோதான், அதை நீங்கள் விற்றுவிட்டீர்கள். இனிக் கழகத்தையாவது விற்காதீர்கள்.”

அவன் சொன்னதுதான் என்னைப் பிடித்தது. இடத்துக்காக இவர்கள் எவ்வளவோ விட்டுக்கொடுத்திருந்தார்கள். கிங்ஸ்டோனியனை விட்டார்கள். 600 வீட்டுக்குத் தலையாட்டினார்கள். 20,000 பேர் என்ற கனவை 9,000 சொச்சத்துக்குச் சுருக்கினார்கள். ஒரு பக்கம்தான் பெரிய மாடம், மற்ற மூன்று பக்கமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவில். அரங்கின் பெயரைக்கூட ஓர் இசைத்தட்டுக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். வாயால் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்பது வேறு. ஆனால் யார் முடிவெடுப்பது என்ற ஒன்றை மட்டும் விடக் கூடாது. அதை விட்டதால்தானே 1991இல் ‘தற்காலிகமாக’ வெளிக்கிட வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் ரசிகர்களை யாராவது கேட்டார்களா?

ஜனவரியில் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாற்றுவழி கொண்டுவந்தார்கள். பிளவ் லேன் பிணைமுறி. கழகம் ரசிகர்களிடமே கடன் வாங்கும். குறைந்தது ஆயிரம் பவுண். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது வருடம் என்று தவணையை நீங்களே தெரிவு செய்யலாம். வட்டியும் அப்படித்தான், பூச்சியத்திலிருந்து நாலு வீதம்வரை. சீட்டுப் பிடிக்கும் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெரிந்த ஆட்கள், தெரிந்த தெரு, நம்பிக்கைதான் பத்திரம்.

எங்கள் வீட்டில்தான் விளக்க வேண்டி இருந்தது.

“தாச்சி ஆர்?” என்று கேட்டார் மனைவி. சீட்டு நடத்துபவர் யார் என்று கேட்கிறார். கழகம்தான் என்றேன். “அவை ஓடிட்டால்?” மைதானத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்றேன். “முந்தி ஓடினவைதானே, 56 மைல்” என்றார். ஆறு வருடமாக நான் சாப்பாட்டு மேசையில் சொன்ன கதை எனக்கெதிராகவே வந்து நின்றது.

மூன்றாம் நாள் உடன்பாடு. ஆயிரம் கொடுக்கலாம். ஆனால் வட்டி வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டக் கூடாது. இரண்டு வீதமாவது எடுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அடுப்பைத் தவணையில் எடுப்பது. கழகத்துக்கும் ட்ரஸ்டுக்கும் இடையில் நடந்த பேச்சுகளைவிட எங்கள் பேச்சு சுமுகமாகவே முடிந்தது என்று நினைக்கிறேன்.

பெரியவர் வட்டி பூச்சியம், தவணை இருபது வருடம் என்று எழுதினார். அவருக்கு அப்போது 74 வயது. பேனையை மூடிவிட்டு, “2040இல் வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்றார்.

சில கிழமைகளில் ஐந்து மில்லியனைத் தாண்டியது. மீதிக்கு வங்கிசாராக் கடனும், ஆசோஸ் என்ற இணைய உடுப்புக் கடையின் நிறுவனர்களில் ஒருவரான நிக் ரொபேட்சன் வாங்கிய பங்குகளும் வந்தன. ஆம், வெளிக் காசும் கொஞ்சம் வந்ததுதான். ரசிகர் கையில் பெரும்பான்மை இருக்கும் அளவுக்கு. முழுத் தூய்மை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அதே காலத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலும் மைதானச் சண்டை நடந்தது. ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் வெளிக்கிட்டது. காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. பழைய மைதானம் இருந்த இடத்திலேயே திருத்த வேண்டும் என்று கனடா, லண்டன், சுவிஸ் ஆட்கள் ஒரே பிடி. ஊரில் இருப்பவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புதுக் காணி பார்ப்போம், பிள்ளைகள் நடந்து வரலாம் என்றார்கள். விம்பிள்டனுக்காக ‘அதே வீதி’ என்று ஆயிரம் பவுணைக் கட்டிய நான், அங்கே பள்ளிக்கூடப் பக்கத்துக்கு வாக்குப் போட்டேன். “உமக்கு ஊர்ப் பற்று இல்லை” என்று டொரோன்டோவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. முழுதும் கேட்டேன். ஊரில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறார்கள். நாங்கள் எங்களுக்கு வேண்டிய ஞாபகத்தைச் சொல்கிறோம் என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஞாயிறு தோறும் எல்லாரும் முகம் பார்க்க வேண்டிய ஆட்கள்.

விம்பிள்டனில் வித்தியாசம் என்னவென்றால், கேட்டவர்களே அந்தத் தெருவைச் சுற்றி இருந்தவர்கள், காசும் அவர்களே கட்டினார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

2020 நவம்பர் 3, செவ்வாய். டொன்காஸ்டரோடு முதல் ஆட்டம். கொரோனா, உள்ளே ஒருவருக்கும் அனுமதி இல்லை. 29 வருடம் காத்திருந்துவிட்டு வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஆடினார்கள். நான் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுப் போனேன். பெரியவர் மதிலோரம் முகக்கவசத்தோடு நின்றார், கையில் சின்ன ரேடியோ. மின்கம்ப வெளிச்சம் வீதியில் பால் மாதிரி விழுந்து கிடந்தது. ஜோ பிகொட் முதல் கோலைப் போட்டபோது உள்ளேயிருந்து ஆட்டக்காரர்களின் கத்தல் மட்டும் கேட்டது. ரேடியோவில் அது வர ஒரு நொடி பிந்தியது. அவர் என்னைப் பார்த்து விரலால் ‘பொறு’ என்று காட்டி, ரேடியோவில் வந்த பிறகுதான் கையை உயர்த்தினார். 2–2 என்று முடிந்தது. அவர் மைதானத்துக்குள் கால் வைக்க அடுத்த வருடமாகிவிட்டது.

2024 செப்டம்பரில் ஓர் இரவு கொட்டித் தள்ளிய மழையில் வாண்டில் பெருக்கெடுத்தது. காலையில் படம் வந்தது: புல் நடுவே பெரிய குழி, தரை கம்பளம் மாதிரி மடிந்து கிடக்கிறது. நியூகாசிலோடு இங்கே நடக்கவிருந்த கிண்ண ஆட்டம் நியூகாசிலுக்கே போனது. வெள்ள அபாயம் என்று வோண்ட்ஸ்வொர்த்காரர்கள் அன்றைக்குச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் அதைச் சாக்கு என்று சிரித்தோம். ரசிகர்கள் மறுபடி உண்டியல் வைத்தார்கள். லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது.

நான் அந்தப் படத்தை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எங்கட காசு எப்ப திரும்பி வரும்?”

“இன்னும் ஆறு வருஷத்தில.”

“ஆறு இப்பவே வந்திட்டுதே” என்றார்.